பஞ்சமிக்கு அவிழ்ப்பதாகச் சொன்னவர்

சென்னையிலிருந்து தபாலில் வரும் புத்தகக் கட்டுகளை நான் கத்தியால் அறுத்துத்தான் பிரிப்பேன். ஒருநாள் அப்படி அறுக்கப்போன சமயம், நாலு வீடு தள்ளிக் குடியிருந்த ஐயங்கார் தெருவோடு போனவர் நின்று கையை நீட்டினார்.

"கொடுங்கோ மேஷ்ட்ரே. கயிறு என்ன பாவம் பண்ணித்து?"

மேஷ்ட்ரு என்றால் மைசூரில் பள்ளிக்கூட வாத்தியார். நான் அப்போது ஒரு ஹைஸ்கூலில் சரித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவர் என் வாசற்படியில் உட்கார்ந்து, சணல் முடிச்சைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பத் தொடங்கினார். வெயில் படியேறி அவர் முழங்காலுக்கு வந்துவிட்டது. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று. அவர் நிமிரவில்லை. கடைசியில் கயிறு ஒரே நீளமாகக் கையில் வந்ததும், அதைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, பெரிய காரியம் முடித்தவர் போல மூச்சுவிட்டார்.

எது எந்த வருஷம் நடந்தது என்று குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இது ரக்தாட்சி வருஷம், காவிரியில் பெருவெள்ளம் வந்த ஆடிக்கு முந்தைய வைகாசியில் நடந்தது. அதற்கு முன்பே அவரைத் தெரியுமென்றாலும், அவரை நான் கவனிக்கத் தொடங்கியது அன்றுதான்.

பூர்வீகம் மேலுகோட்டை. அரச வம்சத்தோடு சம்பந்தமுள்ள ஒரு பிரபுவின் பங்களாவில் ஹால் சாமான்களுக்கு மேற்பார்வை. கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பது, நிலைக்கண்ணாடிகளையும் சரவிளக்குகளையும் துடைக்கவைப்பது, விருந்து நாட்களில் வெள்ளித் தட்டுகளை எடுத்துக்கொடுத்துத் திரும்ப வாங்கிவைப்பது அவர் வேலை. எங்கள் அக்ரஹாரத்துப் பிள்ளைகள் அவருக்கு முடிச்சவிழ்க்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜேப்படித் திருடனுக்குச் சொல்லும் பெயர். அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். "இருக்கட்டும். எவன் மடியையும் அவிழ்க்காமல் அந்தப் பேர் வாங்கினவன் நான் ஒருத்தன்தான்."

கட்டிவைத்த எதையும் அவரால் பார்த்துக்கொண்டு போக முடியாது. அவரிடம் இருந்த ஒரே கோளாறு அது. அல்லது ஒரே குணம். மார்க்கெட் வாசலில் கோழிகளைக் காலோடு கால் கட்டி, கொத்தாகத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பான் ஒருவன். பஞ்சகச்சமும் திருமண்ணுமாக இவர் அவன் எதிரில் போய் நிற்பார். ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஸ்வல்ப சடில மாடப்பா," என்று கன்னடத்தில் கெஞ்சுவார். கொஞ்சம் தளர்த்திக் கட்டு என்று.

"ஸ்வாமிகளே, இன்னும் ஒரு நாழிகையில் இதுக்குக் கழுத்தே போகப்போறது. காலைப் பத்தி உமக்கென்ன?" என்றான் அவன் ஒருதரம், அதே கன்னடத்தில்.

"கழுத்து போறவரைக்கும் கால் அதோடதுதானே, அப்பா."

கோழிக்காரன் தளர்த்திக் கட்டினான். சங்கடம் தாங்காமல் செய்தானா, இவர் நகர்ந்தால் போதும் என்று செய்தானா, தெரியாது.

இன்னொரு சம்பவம். கோயில் மண்டபத்தில் பாகவத உபந்யாசம். யசோதை கண்ணனை உரலோடு கட்டிய கட்டம். கயிறு இரண்டு விரற்கடை போதாமல் போன இடத்தில் உபந்யாசகர் குரலைக் குழைத்தார். பெண்கள் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பாயசம் குடித்த முகம். இவர் மட்டும் மேல்வேஷ்டியை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஓய், இன்னும் ததியோன்னப் பிரசாதம் வரல்லே, எங்கே ஓடறீர்?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"அங்கே குழந்தையைக் கட்டறா. உமக்கெல்லாம் அது தித்திக்கறது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பரமபக்தரான மனுஷர். எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

அவர் பூணூலில் ஒரு சிறிய இரும்புச் சாவி தொங்கும். அநேகர் பெட்டிச் சாவியை அப்படி முடிந்துகொள்வதுண்டு. ஆகையால் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு வந்த ஐப்பசியில் ஒரு மாலை, நானும் அவரும் சேர்ந்து வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் வீடு முதலில் வந்தது. உள்ளே கூப்பிட்டார். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டு நிலைப்படியை நான் தாண்டியது அன்றுதான். மாமி காப்பி கொண்டுவந்து வைத்தாள். கொல்லைப் பக்கத்தில் சங்கிலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"கன்னுக்குட்டி வாங்கியிருக்கேளா, ஸ்வாமி?" என்று கேட்டேன்.

"இல்லை மேஷ்ட்ரே. பையன்."

மழை பெய்கிறது என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். காப்பி டம்ளரை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவர் எழுந்து முன்னால் போனார், நானும் போனேன்.

சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை. நடுவில் கல்தூண், தூணைச் சுற்றி இரும்பு வளையம், அதிலிருந்து அறையின் எல்லா மூலைக்கும் எட்டும் அளவுக்குச் சங்கிலி. அதன் மறுமுனையில் ஒரு வாலிபன். வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது. குளித்து, தலை வாரி, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டிருந்தான். கணுக்காலில் வளையத்துக்கு அடியில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. வளையத்தில் ஒரு பூட்டு. சாவி எது என்று அப்போது புரிந்தது.

"வாங்கோ," என்றான் அவன், மரியாதையாக. "மழையா? மண் வாசனை வந்தது. ஆனா இங்கேயிருந்து வானம் தெரியாது."

விஷயம் இதுதான். நான் அந்தத் தெருவுக்குக் குடிவருவதற்கு முன், அந்தப் பையன் பின்தெருவில் ஒரு வைக்கோற்போருக்கு நெருப்பு வைத்துவிட்டான். போரோடு மாட்டுக்கொட்டிலும் எரிந்தது. இரண்டு பசுக்கள் கட்டிய இடத்திலேயே வெந்துபோயின. ஜனங்கள் ஓடிவந்தபோது அவன் கைகூப்பி, கற்பூர ஆரத்தி பார்ப்பவன் போல நின்றானாம். அவன் சித்தம் கலங்கியிருந்தது அதற்கு முன்பே வீட்டாருக்குத் தெரியும். ஊருக்கு அன்று தெரிந்தது. பெரியவர்கள் கூடி, பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும், இல்லாவிட்டால் கட்டிப்போடும் என்றார்கள். மாமி அனுப்ப மறுத்தாள். இவரே கொல்லனிடம் போய்ச் செய்துகொண்டு வந்தார். வளையத்தை முதலில் தம் காலில் போட்டுக்கொண்டு நடந்து பார்த்து, உறுத்திய இடங்களையெல்லாம் ஓர் அரம் வாங்கி ராவினாராம். இதை மாமி பெருமையாகச் சொன்னாள்.

தெருவில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. யாரும் பேசுவதில்லை. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

"எப்போ அவிழ்ப்பேள்?" என்று கேட்டேன்.

"தினம் அதைத்தான் பெருமாளைக் கேட்டுண்டிருக்கேன். அவன் ஒரு குறி காட்டணும், மேஷ்ட்ரே. நானா அவிழ்த்து, இன்னொரு பசு வெந்து போனா? பசுவோட நிக்கலேன்னா?"

எனக்கும் கூரை வேய்ந்த கொட்டில் உண்டு, அதில் ஒரு பசுவும் உண்டு.

குறி மறு வருஷம் ஆனியில் வந்தது, பம்பாயிலிருந்து ரயிலில்.

பிரபு ஐரோப்பா போயிருந்தபோது இத்தாலியில், நொடித்துப்போன ஒரு ஜமீன் குடும்பத்தின் சாமான்களை ஏலம் விட்டார்களாம். அதில் ஒரு வெண்கலப் பதுமையை எடுத்திருந்தார். இருநூற்றைம்பது வருஷத்து வேலை என்று சொல்லி விற்றார்களாம். பெட்டியைத் திறந்தவர் இவர்தான். ஆணி ஆணியாகப் பிடுங்கி, கயிறு கயிறாக அவிழ்த்து, வைக்கோலை விலக்கியிருக்கிறார். அன்று மத்தியானம் இடைவேளையில் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். மேல்வேஷ்டி இல்லை. ஓடிவந்திருந்தார்.

"மேஷ்ட்ரே, கருடன் வந்துட்டார்."

"எங்கே?"

"பங்களாவுக்கு. ஒருத்தனைச் சங்கிலியால பாறையில கட்டியிருக்கா. கருடன் வந்து அவன் மேல இறங்கி அவிழ்க்கறார். சீமையிலே இருக்கறவாளுக்கும் தெரிஞ்சிருக்கு, பாருங்கோ. நாகபாசத்துல கட்டுண்டு கிடந்த ராம லக்ஷ்மணாளை அவிழ்த்தது யார்? கருடன்தானே? நம்ம ஆத்துக்கு இதைவிட என்ன குறி வரணும்?"

சிராவண சுத்த பஞ்சமியை மைசூரில் சிலர் நாகபஞ்சமி என்பார்கள், சிலர் கருடபஞ்சமி என்பார்கள். இரண்டும் ஒரே நாள். அந்தப் பஞ்சமிக்குப் பையனை அவிழ்த்துவிடுவதாக அவர் தீர்மானித்துவிட்டார். மாமியிடம் சொல்லியாயிற்று. பையனிடமும் சொல்லியாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஒன்றரை முழ உயரம். கறுத்த வெண்கலம். பாறையின் மேல் ஒரு மனிதன் தலை கீழ்நோக்கிச் சரிந்து கிடக்கிறான். அவன் தசைகள் ஒவ்வொன்றும் கயிறு போல முறுக்கேறியிருக்கின்றன. வலது மணிக்கட்டிலும் இடது கணுக்காலிலும் தனித்தனி வளையங்களாகக் கோத்த மெல்லிய சங்கிலி. ஒரு பெரிய பறவை சிறகை அகல விரித்து அவன் தொடையில் நகங்களை ஊன்றி நிற்கிறது. அதன் அலகு அவன் விலாவுக்குள் இருக்கிறது.

யவனர்களின் பழங்கதைகளை நான் படித்திருக்கிறேன். பார்த்த மாத்திரத்தில் புரோமிதியஸ் என்று தெரிந்துவிட்டது. இந்தப் பறவை அவிழ்க்க வந்ததல்ல.

"வாயைத் திறந்திண்டிருக்கான், பாருங்கோ," என்றார் அவர் என் காதருகில். "விடுதலை வந்தா அப்படித்தான் இருக்கும், வார்த்தை வராது. அலகு விலாவுல இருக்கே, கட்டு அங்கேதான் ரொம்ப இறுகியிருக்கும்போல."

பறவையின் காலடியில் இரண்டு துளசித் தளங்கள் வைத்திருந்தார். நான், "அபாரமான வேலை," என்றேன். அது பொய்யில்லை.

பஞ்சமிக்கு முந்தைய வாரம் பிரபு சில சிநேகிதர்களைச் சிற்றுண்டிக்கு அழைத்தார். பழைய விஷயம் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. கதை சொல்வதில் பிரியமுள்ளவர். சாப்பாடானதும் எல்லோரையும் பதுமைக்கு முன்னால் நிறுத்தினார். ஐயங்கார் வெற்றிலைத் தட்டோடு சுவர் ஓரம் நின்றார்.

"இவன் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடினவன்," என்று கன்னடத்தில் ஆரம்பித்தார் பிரபு. "பிடித்துப் பாறையில் கட்டிவிட்டார்கள். இந்தப் பறவை தேவராஜனுடையது. பகலில் வந்து ஈரலைக் கொத்தித் தின்னும். ராத்திரி ஈரல் வளர்ந்துவிடும். மறுநாள் மறுபடி வரும். முகத்தைப் பாருங்கள், வலியை எப்படி வார்த்திருக்கிறான்."

சிநேகிதர்கள் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். ஒருவர், "நம் வீட்டில் கடன்காரன் வருவது போல," என்றார். சிரித்தார்கள்.

"நெருப்புக்கா?"

பின்னாலிருந்து வந்தது குரல். எல்லோரும் திரும்பினார்கள். அந்த வீட்டில் விருந்தாளிகள் முன்னால் ஐயங்கார் வாயைத் திறந்ததை யாரும் பார்த்ததில்லை.

"எத்தனை நாளைக்கு, ஸ்வாமி?" என்று கேட்டார்.

"முப்பதாயிரம் வருஷம் என்று ஒரு புத்தகத்தில் உண்டு," என்றார் பிரபு, வேடிக்கையாக. "ஏன் ஐயங்காரே, ஜாமீன் கொடுக்கப்போகிறீரா?"

மறுபடி சிரிப்பு. அவர் வெற்றிலைத் தட்டை ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டிக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது தட்டு நடுங்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு அவரோடு சேர்ந்து நடந்தேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று மிச்சக் கதையையும் சொன்னேன். முடிவில் ஒரு வீரன் வருகிறான், பறவையை அம்பெய்து கொல்கிறான், சங்கிலியை உடைக்கிறான் என்றேன்.

நின்றுவிட்டார்.

"கருடனைக் கொன்னாத்தான் விடுதலையா?"

"அது கருடன் இல்லை, ஸ்வாமி. வேறே பறவை. வேறே ஊர்க் கதை."

"நான் துளசி சாத்தினேனே மேஷ்ட்ரே. இருபது நாளா. அது தின்னிண்டிருந்தது, நான் சாத்திண்டிருந்தேன்." அவர் வீடு வந்தது. உள்ளே போகும்போது, "ஆத்துல சொல்லாதேங்கோ," என்றார்.

பஞ்சமியன்று காலை நான் ஸ்நானம் முடித்து வருவதற்குள் பங்களாச் சேவகன் வாசலில் நின்றான். பிரபு உடனே வரச் சொன்னாராம்.

பிரபு ஹாலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கோபம் இல்லை, கோபம் வருமுன் மனிதனுக்கு வரும் வெளிறல்தான் இருந்தது. "பாருங்கள்," என்றார்.

வெண்கல மனிதனின் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சங்கிலி இல்லை. அரத்தால் ராவி அறுத்திருந்தது. முடிச்சென்றால் நகத்தால் அவிழ்ப்பவர், இதில் முடிச்சு இல்லாததால் அறுத்திருக்கிறார். அறுத்த இடம் கறுப்பில்லாமல் பொன்னாக மின்னியது. சங்கிலித் துண்டுகளை ஒரு வெற்றிலையின் மேல் வரிசையாக வைத்திருந்தார். உதிர்ந்த வெண்கலப் பொடியையும் கூட்டி ஒரு காகிதத்தில் மடித்து அருகில் வைத்திருந்தார். விலாவில், அலகு நுழைந்த இடத்தைச் சுற்றி, அரைத்த சந்தனம் தடித்துப் பூசியிருந்தது. இன்னும் ஈரம். பறவையின் காலடியில் துளசி இல்லை.

"அவரே வந்து சொன்னார்," என்றார் பிரபு. "நான்தான் செய்தேன் என்று சொல்லி, ஹால் சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டு நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். என் தகப்பனார் காலத்திலிருந்து இந்த வீட்டில் இருக்கிறவர். ஒரு கோப்பை விளிம்பு உடைந்ததில்லை. போலீசில் சொல்லப்போவதில்லை. ஆனால் இனி வரவேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். என்ன ஆயிற்று அவருக்கு, மேஷ்ட்ரே?"

எனக்கு வேறு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. இதை அறுத்தவர் அதையும் அவிழ்த்திருப்பார். அந்த வீட்டில் இன்று பூஜை. விளக்கு, கற்பூரம், அடுப்பு எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். பையன் வெளியே நிற்பான். ஏறக்குறைய ஓடினேன். சந்தோஷத்தில் ஓடினேனா, பயத்தில் ஓடினேனா என்று இன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வாசலில் மாமி கருடனைக் கோலமாகப் போட்டிருந்தாள். உள்ளே புகை வாசனை இல்லை. தளிகை ஆகி அடுப்பு அணைந்து, பூஜையும் முடிந்திருந்தது. அறைக்கதவு திறந்திருந்தது. பையன் புது வேஷ்டி கட்டி, தூணருகே மணைமேல் உட்கார்ந்திருந்தான். எதிரில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு. சங்கிலி கிடந்தது. பூட்டு இருந்தது. சாவி பூணூலில் இருந்தது.

மாமி மூலையில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வாங்கோ," என்றான் பையன். முகம் மலர்ந்திருந்தது. "நல்ல வேளைக்கு வந்தேள். அப்பா இன்னிக்கு சதுர்த்திங்கறார். அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேங்கறா. புது வேஷ்டி கொடுத்திருக்கா. சதுர்த்திக்கு யாராவது புது வேஷ்டி கொடுப்பாளா? நீங்க சொல்லுங்கோ, இன்னிக்கு என்ன திதி?"

அவர் தலை தூக்கவில்லை. எண்ணெயில் விரலைத் தோய்த்தபடி அப்படியே இருந்தார்.

"பஞ்சமி," என்றேன்.

பையன் சிரித்தான். வெற்றிச் சிரிப்பு. வேஷ்டியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, காலை நீட்டித் தகப்பனார் மடிமேல் வைத்தான்.

அவர் அந்தக் காலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வளையத்துக்கு அடியிலிருந்த பழைய துணியைப் பிரித்தார். சிவந்திருந்த இடத்தில் எண்ணெய் தடவினார். மெதுவாக, சுற்றிலும், குழந்தைக்குத் தடவுவது போல. பிறகு இடுப்பிலிருந்து சலவைத் துணி ஒன்றை எடுத்து, வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்துச் சுற்றி, முடிச்சுப் போட்டார். பையனின் சிரிப்பு உடனே போகவில்லை. முடிச்சு விழுந்த பிறகும் கொஞ்சநேரம் முகத்தில் இருந்தது.

நான் சமையலறைப் பக்கம் வந்துவிட்டேன். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார். பங்களாவில் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் முகத்தில் வேலை போன துக்கம்கூட இல்லை.

"அங்கே அறுத்துட்டேளே, ஸ்வாமி," என்றேன். "இங்கே ஏன்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு படித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று.

"அவன் வெண்கலம், மேஷ்ட்ரே. அவிழ்த்துவிட்டாலும் எங்கேயும் போகமாட்டான்."

அறைக்குள்ளிருந்து உடனே பதில் வந்தது. சண்டையில்லை, அழுகையில்லை. மழையா என்று கேட்ட அதே மரியாதையான குரல்.

"நானும் எங்கேயும் போகமாட்டேன்ப்பா."

அவர் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை.